பழசைக் கொடுப்பதிலும் மரியாதை வேண்டும்

(பெரிய முதலியார்சாவடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.)



இன்றைக்கு நான் சேமிப்பைப் பற்றியோ வங்கிக் கடனைப் பற்றியோ பேசப் போவதில்லை. துணியைப் பற்றிப் பேசப் போகிறேன். பீரோ மேலேயும் கட்டிலுக்கு அடியிலும் நாம மூட்டை கட்டிப் போட்டு வைத்திருக்கிறோமே, அந்தப் பழைய துணி.

"இதுல பேச என்னம்மா இருக்கு, வேணாம்னா கொடுத்துட வேண்டியதுதானே" என்று நீங்க கேட்கலாம். போன கூட்டத்தில் இரண்டு விஷயத்தை நீங்களேதான் எடுத்தீங்க. ஒன்று, வீட்டில் இருக்கிற பழைய துணியைச் சேர்த்து மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு குழு கேட்டது. இரண்டாவது, மழை வெள்ளம் வந்தால் வெளியூர்க்காரங்க கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி மூட்டை மூட்டையாய்த் துணி இறக்குவாங்களே, அப்போ கூட்டமைப்பு என்ன செய்யணும் என்று இன்னொரு குழு கேட்டது. இரண்டுக்கும் இன்று முடிவு எடுக்கணும். அதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

சுனாமியில் நாம் பார்த்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டு போனது. நாடே பதறிப்போய் உதவி அனுப்பியது. சோறு வந்தது, பாய் வந்தது, பாத்திரம் வந்தது. எல்லாவற்றையும் விட அதிகமாய்ப் பழைய துணி வந்தது.

அந்தத் துணிக்கு என்ன ஆச்சு? நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சாலை ஓரத்தில் குவியல் குவியலாய்க் கிடந்தது. மழையில் நனைந்து, மண்ணில் புரண்டு, ஆடு மாடு மிதித்து வீணாய்ப் போனது. பாதிக்கப்பட்டவர்கள் அதைத் தொடவில்லை. பத்திரிகைகளில் படம் வந்தது. "இவங்களுக்குத் திமிரு, கொடுத்ததை வாங்க மாட்டேங்குறாங்க" என்று பேசினவர்களும் உண்டு.

திமிரா அது? யோசித்துப் பாருங்க. அதற்கு முந்தின நாள் வரை அந்த அம்மா சொந்தமாய் மீன் வாங்கி விற்றுச் சம்பாதித்தவங்க. யாரிடமும் கை நீட்டாதவங்க. ஒரே காலையில் வீடும் போச்சு, படகும் போச்சு, பிள்ளையும் போச்சு. மிச்சம் இருந்தது மானம் ஒன்றுதான். அந்த நேரத்தில் லாரி மேலிருந்து ஒருத்தர் துணியை வீசுகிறார். அழுக்கும் கிழிசலுமாய் யாரோ கட்டிக் கழித்த துணி வந்து காலடியில் விழுது. அதைக் குனிந்து எடுப்பதா?

இன்னொன்றும் உண்டு. வந்த துணியில் நிறைய உடுத்தவே முடியாதது. சேலை இருக்கும், உள்பாவாடை இருக்காது. பாவாடை இருக்கும், நாடா இருக்காது. ரவிக்கை இல்லாமல் சேலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? நம்ம வெயிலுக்கும் பழக்கத்துக்கும் ஒத்து வராத உடைகளும் வந்தன. முகாமில் இருந்த பெண்களுக்கு உடனடியாக வேண்டியிருந்தது புது உள்ளாடை, பாவாடை, மாதவிலக்குக்குத் துணி, துண்டு, போர்வை. அதைக் கேட்டவர்கள் குறைவு.

கொடுத்தவர்கள் எல்லோரும் கெட்ட மனசுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. மனசு நல்ல மனசுதான். ஆனால் "என்ன வேணும்?" என்கிற ஒரு கேள்வியைக் கேட்காமல் அனுப்பிவிட்டாங்க. அந்த ஒரு கேள்வி இல்லாததால் லாரி வாடகை வீண், டீசல் வீண், துணி வீண். அதைச் சுத்தம் பண்ணின துப்புரவுப் பணியாளர்களுக்கு வேலை இரட்டிப்பு.

அன்றைக்கு வாங்குகிற இடத்தில் நின்றது இந்தக் கரை. இன்றைக்குக் கொடுக்கிற இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம். நமக்கு நடந்ததை நாம் இன்னொருத்தருக்குச் செய்யலாமா? இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

பழைய துணி கேவலம் இல்லை

அப்படியானால் பழைய துணியே கொடுக்கக் கூடாதா? அப்படி இல்லை.

நம்ம வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் எதைப் போடுகிறோம்? புதுத்துணி போட மாட்டோம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைத்தான் கிழித்து வைத்திருப்போம். தூளி எதில் கட்டுவோம்? அம்மாவுடைய அல்லது பாட்டியுடைய பழைய நூல் சேலையில். அக்கா பிள்ளை போட்ட சட்டையைத் தங்கச்சி பிள்ளைக்கு வாங்கிப் போடுகிறோம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

ஏன் இல்லை? அங்கே உறவு இருக்கு. துணி சுத்தமாய் இருக்கு. வேணுமென்று கேட்டு வாங்கினது. திரும்ப நாமும் ஒன்று கொடுப்போம். இந்த நாலும் இருந்தால் பழசு கௌரவமாய்ப் போகும்.

இந்த நாலும் இல்லாமல், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ "இந்தாங்க, பழசு" என்று வாசலுக்கு வெளியே நிற்க வைத்துக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர். யாருக்கு எந்தத் தெருவில் அப்படிக் கொடுத்தோம், யார் கை தாழ்ந்து வாங்கினது என்பதை எல்லாம் நாம் அறிவோம். குழுவில் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுகிறோம். துணி கொடுக்கும்போது மட்டும் பழைய வழக்கம் திரும்பி வரக் கூடாது.

டெல்லியில் கூஞ்ச் என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. அன்ஷு குப்தா என்பவர் தன் வீட்டு அலமாரியில் இருந்த 67 துணிகளோடு 1999-இல் அதைத் தொடங்கினார். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் இப்படி ஒதுக்கப்பட்டுக் கிடந்த துணிகளைச் சேகரித்து, தரம் பிரித்து, பயன்படும்படி மாற்றுகிற வேலையை அவர்கள் செய்தார்கள்.

அவர்கள் வேலை செய்கிற முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஊருக்குச் சும்மா போய்த் துணி இறக்குவதில்லை. அந்த ஊர் மக்கள் கூடி, தங்கள் ஊருக்கு என்ன வேலை தேவை என்று முடிவு செய்து, குளம் தூர் வாருவது, பாதை போடுவது என்று செய்து முடிக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி தரப்படுகிறது. அது அவர்கள் சம்பாதித்த துணி. அதில் தலை குனிய எதுவும் இல்லை.

உப்பளத்தில் என்ன வேணும்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உப்பளத்துக்குக் கொடுக்கலாமா என்றால், தாராளமாய்க் கொடுக்கலாம். ஆனால் என்ன கொடுப்பது?

நாம் நினைப்பது சேலை. அங்கே வேலை செய்கிற பெண்கள் எப்படி உடுத்தியிருக்காங்க என்று பார்த்திருக்கீங்களா? சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. அதன் மேல் சும்மாடு. சும்மாட்டின் மேல் உப்புக் கூடை.

மேலே இருந்து வெயில். கீழே வெள்ளை வெளேரென்று உப்பு, அதிலிருந்து திரும்பி அடிக்கிற வெயில். கூடையிலிருந்து உப்புத் தண்ணி கழுத்திலும் தோளிலும் வடியும். உடம்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். முழுக்கைச் சட்டைதான் அவர்களுக்குக் கவசம். உப்புத் தண்ணியில் துணி சீக்கிரம் இற்றுப் போகும். அதனால் ஒரு சட்டை பல நாள் தாங்காது.

ஆக, உங்க வீட்டுக்காரர் தொப்பை விழுந்து போட முடியாமல் வைத்திருக்கிறாரே முழுக்கைச் சட்டை, அதுதான் அங்கே தங்கம். பழைய நூல் வேட்டி சும்மாட்டுக்கு ஆகும். கிழியாத பருத்தித் துண்டு தலைக்கு ஆகும். ஜிகினா வைத்த பாலியெஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு யாரும் உப்பு வாரப் போக முடியாது.

நான் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் நேரில் போய் அந்த ஊர்ப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு வாங்க. "என்ன வேணும், எத்தனை, எந்த அளவு, எப்போ வேணும்?" என்று எழுதி வாங்க. உப்பு எடுக்கிற வெயில் காலத்தில் வேண்டியது ஒன்று. வேலை இல்லாத மழைக் காலத்தில் வேண்டியது இன்னொன்று. அங்கேயும் நம்மைப் போல் குழு இருக்கும். ஒரு குழு இன்னொரு குழுவிடம் கேட்பது போல் கேட்டால் யாரும் தப்பாய் நினைக்க மாட்டாங்க. அவங்களிடம் நாம் வாங்குவதற்கும் ஒன்று இருக்கும், உப்பாவது இருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதே யோசனைதான். அரசு சீருடை தருகிறது. ஆனாலும் பிள்ளை வளர்கிற வேகத்துக்கு ஒரே வருஷத்தில் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். ஒரே பள்ளியில் படிக்கிற சின்னப் பிள்ளைக்கு அந்தச் சீருடை அப்படியே பொருந்தும். அதை மூட்டையில் போட்டு வெளியூருக்கு அனுப்பினால் அங்கே நிறம் வேறு, யாருக்கும் ஆகாது. பக்கத்துத் தெருவில் கொடுத்தால் நாளைக்கே போட்டுக்கொண்டு போகும்.

நாலு குவியல்

சரி, வீட்டு மூட்டையை அவிழ்த்துவிட்டோம். எப்படிப் பிரிப்பது? நாலு குவியலாய்ப் பிரிங்க.

முதல் குவியல்: அப்படியே உடுத்தக் கூடியது. இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நீங்களே கடைத்தெருவுக்குப் போவீங்களா? போவேன் என்றால் முதல் குவியல். கூச்சமாய் இருந்தால் இல்லை.

இரண்டாவது குவியல்: கொஞ்சம் தைத்தால் உடுத்தலாம். பட்டன் போனது, தையல் விட்டது, நாடா இல்லாதது, ஜிப் கெட்டது. நம்ம குழுவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காக்கள் இருக்காங்க. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். நூல் செலவைக் குழு கொடுக்கட்டும்.

மூன்றாவது குவியல்: உடுத்த ஆகாது, ஆனால் துணியாய் ஆகும். பழைய நூல் சேலை, வேட்டி, பனியன், போர்வை.

நான்காவது குவியல்: எதற்கும் ஆகாதது. அது தானம் இல்லை, குப்பை. குப்பையை யாருக்கும் தானம் என்று கொடுக்காதீங்க.

உள்ளாடையை எந்தக் குவியலிலும் சேர்க்க வேண்டாம். கொடுக்க விரும்பினால் புதுசு வாங்கிக் கொடுங்க.

பிரித்த பிறகு சுத்தம். எல்லாத் துணியையும் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வைக்கணும். வீட்டில் யாருக்காவது சொறி சிரங்கு இருந்தால் அவர்கள் துணியை வெந்நீரில் துவைக்கணும். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி ஒரு வாரம் தனியே வையுங்க. சொறியை உண்டாக்கும் பூச்சி மனுஷ உடம்பு இல்லாமல் சில நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது.

நம்ம கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அரைகுறையாய்க் காய்ந்த துணியை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து நாறும். முறுக முறுகக் காய்ந்த பிறகு மடித்து, நடுவில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ வைத்துக் கட்டுங்க. சேலை, பாவாடை, ரவிக்கை மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டுங்க. பிள்ளைத் துணியின் மேல் வயதைச் சீட்டில் எழுதிக் குத்துங்க. வாங்குகிறவர்கள் குவியலுக்குள் கை விட்டுத் தேடுகிற நிலைமை வரக் கூடாது.

பருத்தியையும் பாலியெஸ்டரையும் தனித்தனியே வையுங்க. விறகடுப்பில் சமைக்கிற வீட்டுக்குப் பருத்தி கொடுப்பதே நல்லது. பாலியெஸ்டர், நைலான் துணியில் தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காயம் ஆறுவது கஷ்டம்.

உடுத்த ஆகாததும் உபயோகம்தான்

மூன்றாவது குவியலைப் பற்றிச் சொல்கிறேன்.

பருத்திப் பனியனைக் கிழித்து வைத்தால் மெக்கானிக் கடைக்காரர் வாங்கிக் கொள்வார். "பனியன் வேஸ்ட்" என்று கிலோ கணக்கில் காசு கொடுத்துத்தான் அவர்கள் கை துடைக்க வாங்குகிறார்கள். பழைய சேலையைப் பின்னிக் கால்மிதி செய்யலாம். நாலு சேலையை அடுக்கித் தைத்தால் மெத்தை விரிப்பு. வங்காளத்துப் பெண்கள் இப்படிப் பழைய சேலைகளை அடுக்கி ஊசித் தையல் போட்டதுதான் காந்தா. இன்று அந்தத் தையலுக்குப் பெரிய கடைகளில் நல்ல விலை.

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம பக்கத்திலேயே ஆரோவில்லில் உபாசனா என்கிற உடை வடிவமைப்பு நிலையம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, 2005-இல், மனசு உடைந்திருந்த மீனவப் பெண்களுக்கு அங்கே ஒரு வேலை கற்றுக் கொடுத்தாங்க. தைத்து மிஞ்சின வெட்டுத் துணியில் விரல் அளவு பொம்மை செய்வது. அதற்குப் பெயர் சுனாமிகா. அந்தப் பொம்மையை விலைக்கு விற்கவில்லை. சும்மா கொடுத்தாங்க. விருப்பப்பட்டவர்கள் நன்கொடை அனுப்ப, செய்த பெண்களுக்குக் கூலி கிடைத்தது. உலகத்தில் பல நாடுகளுக்கு அந்தப் பொம்மை போனது. தூக்கிப் போட வேண்டிய துண்டுத் துணி, செய்கிறவர்களுக்கும் கௌரவம், வாங்குகிறவர்களுக்கும் கௌரவம் என்று ஆனது இந்தக் கரையில்தான்.

இன்னொரு பயன்பாடு, வெட்கப்படாமல் பேச வேண்டியது. மாதவிலக்குக்குப் பழைய பருத்தித் துணி வைத்துக்கொள்வது நம்மில் பலருக்கும் வழக்கம். துணி வைப்பது தப்பில்லை. அழுக்கும் ஈரமும்தான் தப்பு. மெல்லிய பருத்தியாய், சாயம் போகாததாய் எடுங்க. பயன்படுத்தியதைச் சோப்புப் போட்டு அலசி நேரடி வெயிலில் காயப் போடுங்க. கூரைக்கு உள்ளே, பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டால் ஈரம் போகாது, தொற்று வரும். 2010 முதல் ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்ற அமைப்பு துவைத்து மறுபடி பயன்படுத்தும் துணி நாப்கினைச் செய்து வருகிறது. சுற்றுக் கிராமப் பெண்கள் தைக்கிறார்கள். நம்ம தையல் குழு விரும்பினால் போய்ப் பார்த்து வர ஏற்பாடு செய்யலாம்.

கம்பளி, ஸ்வெட்டர் மாதிரி நமக்கு ஆகாத துணி கூட வீணில்லை. அரியானாவில் பானிபட் என்று ஒரு ஊர். பழைய துணியைக் கிழித்து நாராக்கி, மறுபடி நூலாக்கி, போர்வை நெய்கிற தொழிற்சாலைகள் அங்கே நிறைய. வெள்ளம், புயல் நேரத்தில் நிவாரணமாய்க் கொடுக்கிற விலை குறைந்த போர்வைகளில் பல அங்கே நெய்தவை. தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு வருகிறவர்களிடம் போடுகிற துணியும் பிரிக்கப்பட்டு, நல்லது சந்தைக்கும் மற்றது இப்படி வேறு தொழிலுக்கும் போகிறது. அதுவும் ஒரு வழிதான், அவர்களுக்கும் அது பிழைப்பு. ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்கு எத்தனை சேலை என்று பேரம் பேசிக் கொடுங்க, தப்பே இல்லை.

தூக்கிப் போட்டால் எங்கே போகும்?

ஆற்றில் போட்டால் போச்சு, கடற்கரையில் போட்டால் அலை கொண்டு போகும் என்று சிலர் நினைக்கிறோம். போகாது. பாலியெஸ்டர் என்பது பிளாஸ்டிக். மக்காது. வலையில் சிக்கும். நம்ம வீட்டு ஆண்கள் வலையைத்தான் கிழிக்கும்.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ரா. அங்கே காண்டமாண்டோ என்று பெரிய பழைய துணிச் சந்தை. பணக்கார நாட்டு மக்கள் "தானம்" என்று பெட்டியில் போடுகிற துணி பேல் கட்டாகக் கட்டப்பட்டு விலைக்கு அங்கே வருகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கோடி துணி என்று அங்கே வேலை செய்யும் ஒரு அமைப்பு கணக்குச் சொல்கிறது. கட்டைப் பிரித்தால் பெரிய பங்கு உடுத்த ஆகாதது. கடன் வாங்கிக் கட்டு வாங்கின வியாபாரிக்கு நஷ்டம். ஆகாத துணி சாக்கடையிலும் கடற்கரையிலும் போய்ச் சேருகிறது. அலை புரட்டிப் புரட்டிக் கயிறு மாதிரி முறுக்கி மணலில் புதைத்துவிடுகிறது. மீன் பிடிக்கிறவர்கள் வலையில் துணி வருகிறது.

அந்தச் சந்தையில் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள கட்டைத் தலையில் சுமப்பது யார் தெரியுமா? பெண்கள்தான். வடக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள், பலர் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு. உப்புக் கூடை சுமக்கிற நம்ம பெண்களுக்கு அந்தக் கழுத்து வலி புரியும். யாரோ ஒருத்தர் எங்கேயோ யோசிக்காமல் கொடுத்த தானம், இன்னொரு பெண்ணின் தலைச்சுமை.

எரித்தாலும் தீர்வு இல்லை. போகிக்குப் பழைய துணியைப் போட்டுக் கொளுத்துகிறோம். முன்பு பாட்டி காலத்தில் எரித்தது கோரைப் பாயும் நூல் துணியும். இன்று எரிவது பிளாஸ்டிக். அந்தக் கரும்புகை நம்ம பிள்ளைகள் நெஞ்சுக்குள்தான் போகும். நான்காவது குவியலை ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் காய்ந்த குப்பையாகத் தனியே கட்டிக் கொடுங்க. ஈரக் குப்பையோடு சேர்க்காதீங்க.

கடைசியில் இதற்கெல்லாம் மூலம் எது? தேவைக்கு மேல் வாங்குவது. 150 ரூபாய்ச் சேலை மலிவு என்று நாலு வாங்கி, இரண்டு தடவை கட்டி மூட்டையில் போடுகிறோம். தவணைப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி இதையும் ஒரு வருஷம் எழுதிப் பாருங்க.

வெள்ளம் வந்தால்

இப்போது இரண்டாவது கேள்வி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வெள்ளம். 2018 நவம்பரில் கஜா. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் நம்ம தலைமேலேயே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இனியும் வரும். ஆகவே முன்கூட்டியே சில விதிகள் வைத்துக்கொள்வோம். என் யோசனைகள் இவை:

1. பிரிக்காத மூட்டையைக் கூட்டமைப்பு வாங்காது. "நன்றி அய்யா, எங்களுக்குத் தேவையானது இதுதான்" என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுப்போம். பட்டியல் இப்போதே தயாராய் இருக்கணும்: புது உள்ளாடை, உள்பாவாடை, நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை, நாப்கின், வயது வாரியாகப் பிள்ளைத் துணி.

2. வண்டி மேலிருந்து வீச விடக் கூடாது. இறக்கி வைத்துவிட்டுப் போகட்டும். வீடு வாரிக் கணக்கு நம்ம குழுப் பதிவேட்டில் இருக்கு. வயசானவர்கள், மாற்றுத் திறனாளிகள், கர்ப்பிணிகள் வீட்டுக்கு முதலில் போகும். ஓடி வந்து பிடிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைப்பது உதவி ஆகாது.

3. கடை போல் அடுக்கி வைப்போம். வருகிறவர்கள் பார்த்து, அளவு பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

4. வாங்குகிறவர்களைப் போட்டோ எடுக்கக் கூடாது. கொடுப்பவர் கேட்டாலும் வேண்டாம். துணி கட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். நம்ம பிள்ளை யாரிடமோ சட்டை வாங்குகிற படம் ஊரெல்லாம் செல்போனில் சுற்றுவதை நாம் விரும்புவோமா?

5. வந்தது, போனது, மிஞ்சியது மூன்றையும் பதிவேட்டில் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்கணும். காசுக்குக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

குழுக்களின் முடிவுக்கு

சாதாரண நாளில் செய்ய ஒரு திட்டமும் சொல்கிறேன். ஒரு குழுவில் 15 பேர். வீட்டுக்கு 4 துணி என்றால் 60 துணி. 10 குழு சேர்ந்தால் 600. இதைச் சேர்த்து வைக்க இடம், பிரிக்க ஆள், தைக்க நாள் வேண்டும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும், சொல்லி வைத்த நாளில் சேர்ப்போம். கண்ட நேரத்தில் கொண்டு வந்து கூட்டமைப்பு அலுவலக வாசலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. அப்படிப் போட்டால் அது இன்னொரு குப்பை மேடு.

திருநெல்வேலியில் 2017-இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரி முயற்சியில் "அன்புச் சுவர்" என்று வைத்தார்கள். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் யாரையும் கேட்பதில்லை. நல்ல யோசனைதான். ஆனால் இப்படி ஒரு இடம் வைத்தால் தினமும் ஒருத்தர் பார்த்துப் பிரித்து அடுக்கணும். ஆள் இல்லாத சுவர் சீக்கிரமே அழுக்குச் சுவர் ஆகிவிடும். பொறுப்பு எடுக்க ஒரு குழு முன்வந்தால் நாமும் வைக்கலாம்.

கீழே உள்ள கேள்விகளை உங்க குழுவில் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க:

உப்பளத்துப் பெண்களிடம் போய்க் கேட்டு வர உங்க குழுவிலிருந்து யார் போவீங்க?

துணிக்கு 5 ரூபாயோ 10 ரூபாயோ விலை வைக்கலாமா, இனாமாய்த் தரலாமா? விலை வைத்தால் "வாங்கினேன்" என்ற கௌரவம் உண்டு, சோப்புக்கும் நூலுக்கும் காசு ஆகும். ஆனால் அந்தப் பத்து ரூபாயும் இல்லாதவர்கள் தயங்கி நின்றுவிடுவார்கள். இரண்டையும் யோசிங்க.

தைத்துக் கொடுக்கும் உறுப்பினருக்குக் கூலி உண்டா, சேவையா? என் கருத்து, கூலி உண்டு. பெண் உழைப்பு என்றால் இலவசம் என்று நாமே பழக்கக் கூடாது.

சகோதரிகளே, கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் இந்தக் கடற்கரையில் ஒரே ராத்திரியில் இடம் மாறிவிடும். அதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். நாளைக்கு நமக்கு எப்படிக் கொடுத்தால் மனசு நோகாமல் வாங்குவோமோ, இன்றைக்கு அப்படிக் கொடுப்போம். முதல் வேலையாக இன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அந்த மூட்டையை அவிழ்த்து நாலாய்ப் பிரிங்க. முழுக்கைச் சட்டையை மறக்காமல் தனியே எடுத்து வையுங்க.